ஈயம் தங்கமாகிறதாமே! கன அயனி மோதல் படிக்க எங்கே தொடங்குவது?

18 மே 2025. தேவகோட்டை வாசகி ஒருவரின் கேள்வி

அண்ணே, பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டேன். ஜெனீவா பக்கம் உள்ள செர்ன் துகள் ஆய்வகத்தில் ஈயத்தை மோதவிட்டுத் தங்கம் எடுத்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் ஆயா அதைக் கேட்டுவிட்டு, "அந்தப் படிப்பையே படி, நல்ல படிப்பாத்தான் இருக்கு" என்கிறார்கள். கேலி இருக்கட்டும், எனக்கு உண்மையிலேயே கன அயனி மோதல், அதாவது ஈயம் மாதிரிக் கனமான அணுக்கருக்களை மோதவிடுவது பற்றிப் படிக்க ஆசை. அந்த மோதலில் புரோட்டானும் நியூட்ரானும் உருகி, உள்ளேயுள்ள குவார்க்குகள் விடுபடும் நிலையான குவார்க்-குளுவான் பிளாஸ்மா பற்றி ஒரு புத்தகம் எடுத்தேன். முதல் அத்தியாயத்திலேயே குவாண்டம் குரோமோடைனமிக்ஸ், குவார்க்குகளைப் பிணைக்கும் விசையின் கோட்பாடு. மூடி வைத்துவிட்டேன். நான் தமிழ் வழியில் படித்தவள். எங்கே தொடங்குவது? இன்னொரு சந்தேகம்: அமெரிக்காவில் தங்கத்தையே மோதவிடுகிறார்களாமே, அது எதற்கு?

19 மே 2025, இரவு

தங்கத்தை முதலில் முடித்துவிடுவோம். இல்லாவிட்டால் கீழே எழுதுவதை ஒருவரும் படிக்கமாட்டார்கள்.

செய்தி உண்மைதான். ஆனால் அந்த வாட்ஸ்அப் படத்தில் இரண்டு ஈயக் குண்டுகள் முட்டித் தங்கக் கட்டி தெறிக்கிறதே, அது கற்பனை. தங்கம் வருவது இரண்டு கருவும் தொடாமல் பக்கத்தில் கடந்து போகும்போது. ஈய அணுக்கருவில் 82 புரோட்டான். ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடும்போது அவற்றின் மின்புலம் தட்டையாக அமுங்கிவிடும். எதிரே வரும் கருவுக்கு அது ஒரு கணநேரப் போட்டான் (ஒளித்துகள்) வீச்சு. அந்த அடியில் கரு அதிர்ந்து சில நியூட்ரான்களையும் புரோட்டான்களையும் உதறுகிறது. ஒரு புரோட்டான் போனால் தாலியம், இரண்டு போனால் பாதரசம், மூன்று போனால் தங்கம்.

செர்னில் கன அயனி மோதலைப் படிக்கும் ஆலிஸ் குழு இந்த மாதம் சொன்ன கணக்கு: 2015 முதல் 2018 வரையிலான ஓட்டத்தில், செர்னின் பெரிய மோதியான எல்எச்சியின் நான்கு பெரிய சோதனைகளிலும் சேர்த்து 8,600 கோடி தங்க அணுக்கருக்கள். எடை 29 பிக்கோகிராம். ஒரு சவரன் வேண்டுமென்றால் அதே நான்காண்டு ஓட்டத்தை 27,000 கோடி தடவைக்கு மேல் ஓட்டவேண்டும். செட்டிநாட்டுக் கல்யாண நகையான கழுத்திருவுக்குக் கணக்கே போடவேண்டாம். காரைக்குடியில் தெரிந்த பத்தர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "சேதாரத்துக்கே காணாதே தம்பி" என்றார். அந்தத் தங்கமும் மைக்ரோநொடி அளவுதான் உயிரோடு இருக்கிறது. குழாய்ச் சுவரிலோ வேறெதிலோ முட்டிச் சிதறிவிடும்.

அமெரிக்கத் தங்கம்: நியூயார்க் பக்கம் புரூக்ஹேவனில் ரிக் என்ற மோதி 2000-இல் தொடங்கியது. அங்கே தங்கக் கருக்களை மோதவிட்டார்கள். பெரிய கரு, ஏறக்குறைய உருண்டை, நிலையான ஐசோடோப் ஒன்றே ஒன்று (197). ஈயத்தில் 204, 206, 207, 208 என்று நான்கு கலந்து கிடக்கும். செர்னில் 208-ஐ மட்டும் பிரித்தெடுத்த ஈயத்தைத்தான் அடுப்பில் வைத்து ஆவியாக்குகிறார்கள். கற்றையில் போவது மிகச் சொற்பம், ஆகவே தங்கம் பாழாகிறதே என்று யாரும் வயிற்றில் அடித்துக்கொள்ள வேண்டாம்.

20 மே 2025

"ஈயத்திலிருந்து தங்கம் எடுத்தது இதுதான் முதல் தடவையா" என்று கேட்டவருக்கு: கருவை உடைத்துத் தங்கம் எடுப்பது பழைய கதை. 1980-இல் கிளென் சீபோர்க் குழு பெர்க்லியில் பிஸ்மத்திலிருந்து எடுத்தது. சித்தர்களை இழுக்காதீர்கள், அது வேறு திண்ணைப் பேச்சு.

20 மே 2025, மறுபடி

நடராஜர் சிலை பற்றியும் கேட்டிருக்கிறார்கள். 2004-இல் இந்தியா செர்னுக்குக் கொடுத்தது. வளாகத்தில் இருக்கிறது. கருவிகளின் ஓட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

22 மே 2025

இப்போது நிஜமான கேள்வி.

தங்கச்சி, அந்தப் புத்தகத்தை மூடியது நல்லது. என் கட்சி இதுதான்: இந்தத் துறையில் முதலில் படிக்கவேண்டியது மோதலின் வடிவம். குவார்க் அப்புறம், குரோமோடைனமிக்ஸ் அதற்கும் அப்புறம். இரண்டு உருண்டைகள் எவ்வளவு விலகி மோதுகின்றன, எவ்வளவு பாகம் ஒன்றன்மேல் ஒன்று படிகிறது, மிச்சம் எங்கே போகிறது, இவ்வளவுதான் தொடக்கம். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கே போதும். இதைக் கையில் பிடித்துவிட்டால் பாதிக் கட்டுரைகளின் படங்கள் புரியத் தொடங்கும்.

ஈயக் கருவின் ஆரம் 6.6 ஃபெர்மி. ஒரு ஃபெர்மி என்பது மீட்டரில் 10-இன் மைனஸ் 15 அடுக்கு. எல்எச்சியில் ஒவ்வொரு நியூக்ளியானும் (கருவிலுள்ள புரோட்டானோ நியூட்ரானோ) 2.51 டெரா எலக்ட்ரான்வோல்ட்டோடு வரும்போது, சிறப்புச் சார்பியலின்படி கரு ஓடும் திசையில் சுமார் 2,700 மடங்கு சுருங்கியிருக்கும். அதாவது 13 ஃபெர்மி அகலமுள்ள இரண்டு தகடுகள். இரண்டின் மையங்களுக்கும் இடையிலுள்ள குறுக்குத் தூரத்தை மோதல் அளவுரு என்பார்கள். அது பூஜ்யமானால் நேருக்கு நேர். 13-ஐத் தாண்டினால் விளிம்புகூடச் சரியாகப் படாது. அதற்கும் அப்பால் போனால் முந்தின குறிப்பில் சொன்ன தங்கம்.

மேலே படியும் பாகத்தில் உள்ளவை பங்கேற்பவை. படியாத பாகம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நேராகப் போய்விடும். ஆங்கிலத்திலும் அவற்றைப் பார்வையாளர்கள் என்றுதான் சொல்கிறார்கள். அப்படி நேராகப் போகும் நியூட்ரான்களைப் பிடிக்க, மோதும் இடத்திலிருந்து நூறு மீட்டருக்கு மேல் தள்ளிக் கற்றைக்கோட்டில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். தங்கக் கணக்கும் அதில் எடுத்ததுதான்.

சரி, 10-இன் மைனஸ் 15 மீட்டர் அளவில் இந்த விலகலை யார் ஸ்கேல் வைத்து அளந்தார்கள்? யாரும் அளக்கவில்லை, அளக்கவும் முடியாது. வெளியே வரும் துகள்களை எண்ணுகிறார்கள். நம் ஊர்க் கல்யாணத்தில் பந்தி முடிந்தபின் எச்சில் இலையை எண்ணிக் கூட்டம் சொல்வதுபோலத்தான். நிறைய துகள் வந்தால் நேர்மோதல், கொஞ்சம் வந்தால் ஓரமோதல். எல்லா மோதல்களையும் துகள் எண்ணிக்கைப்படி வரிசையாக்கி, மேலேயுள்ள 5 சதவீதத்தை மையமோதல் என்று வெட்டி எடுப்பார்கள். கட்டுரைகளில் '0–5%' என்று வருவது இதுதான். நான் படிக்க வந்த புதிதில் அந்த சதவீதத்தைப் பிழைவீதம் என்று நினைத்தவர்கள் வகுப்பில் பலர் இருந்தார்கள்.

23 மே 2025

சென்னை நண்பர் ஒருவர் ஆட்சேபிக்கிறார்: "ஆற்றலைப் பற்றிப் பேசாமல் வடிவத்தில் தொடங்குவது பின்னாலிருந்து ஏறுவது." பார்ப்போம். ஓர் ஈய-ஈய மோதலின் மொத்த ஆற்றல் 208-ஐ 5.02-ஆல் (இரு பக்கமும் 2.51) பெருக்கினால் கிட்டத்தட்ட 1,044 டெரா எலக்ட்ரான்வோல்ட். ஜூலில் மாற்றுங்கள்: 0.00017. ஒரு கிராம் காசை ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் தூக்க ஆகும் ஆற்றல். அவ்வளவே.

இதைச் சொன்னால் பிள்ளைகளின் முகம் வாடிவிடும். வாடவேண்டாம். அந்த ஆற்றல் அடைந்து கிடக்கும் இடத்தைப் பாருங்கள். சாதாரண அணுக்கருவில் ஒரு கன ஃபெர்மிக்கு 0.15 ஜிகா எலக்ட்ரான்வோல்ட். கணினிக் கணக்குப்படி பிளாஸ்மாவாக மாற அரை ஜிகாவுக்குள் போதும். ரிக்கில், மோதிய பிறகு ஒளி ஒரு ஃபெர்மி கடக்கும் நேரத்தில் சுமார் 5 இருந்தது. எல்எச்சியில் அதைப்போல் மூன்று மடங்கு. அந்த 5 எப்படி வந்தது? பியார்க்கன் என்ற இயற்பியலாளர் 1983-இல் கொடுத்த சூத்திரம். வெளிவந்த ஆற்றலை, தகடுகள் படிந்த பரப்பாலும் நேரத்தாலும் வகுத்தால் வந்துவிடும். படிந்த பரப்பு! மறுபடி வடிவம்தான். சென்னை நண்பர் அடுத்த ரயிலில் வரட்டும், பேசிக்கொள்வோம்.

29 மே 2025

வெப்பநிலை கேட்டிருந்தார்கள். பிளாஸ்மாவாக மாறும் இடம் சுமார் 156 மெகா எலக்ட்ரான்வோல்ட், அதாவது 1.8 லட்சம் கோடி கெல்வின். சூரியனின் மையம் ஒன்றரைக் கோடிதான், அதைப்போல் லட்சம் மடங்குக்கு மேல். இந்த ஊர் அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடியில் உட்கார்ந்து தட்டச்சிடும்போது இந்த எண்கள் பெரிதாகத் தோன்றவில்லை.

தெர்மாமீட்டர் எது என்பதுதான் சுவையான கேள்வி. அந்தத் துளி இருப்பது 10-இன் மைனஸ் 23 நொடி அளவில் சில தடவை. எந்தக் கருவியும் உள்ளே போகமுடியாது. அதிலிருந்து வரும் போட்டான்கள் மற்ற துகள்களைப் போல் உள்ளே மறுபடி மறுபடி முட்டிக்கொள்வதில்லை, வெளியே ஓடிவந்துவிடும். அவற்றின் ஆற்றல் பரவலின் சரிவைப் பார்த்து வெப்பநிலை சொல்கிறார்கள். ஆலிஸ் கண்டது 300 மெகா எலக்ட்ரான்வோல்ட் சுற்று வட்டாரம்.

ஆனால் இந்த எண்ணை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுப்பேன். துளி வேகமாக விரிகிறது. விரியும் பொருள் வீசும் ஒளி நம் பக்கம் நீலம் நோக்கி நகர்ந்துவிடும், அதனால் சரிவு உண்மையான சூட்டைவிடக் கூடுதலாகக் காட்டும். தவிர, எல்லா நேரத்து ஒளியும் கலந்து வருகிறது. கட்டுரைகளில் 'பயன்தரு வெப்பநிலை' என்று ஜாக்கிரதையாகத்தான் எழுதுவார்கள். செய்தித்தாளில் அந்த முதல் சொல் விழுந்துவிடும்.

நான் கொல்கத்தாவில் சில வருடம் இருந்தபோது வேலை செய்ததும் போட்டான் பக்கம்தான், இவ்வளவு உயர்வாக இல்லை, எண்ணுகிற வேலை. இந்தியக் குழுக்கள் கட்டிய போட்டான் பெருக்கக் கருவி ரிக்கின் ஸ்டார் சோதனையிலும் இருந்தது, எல்எச்சியின் ஆலிஸிலும் இருந்தது. ஒரு ஈயத் தகடு, அதற்கு முன்னும் பின்னும் தேன்கூடு மாதிரி அறுகோண வாயு அறைகள். போட்டான் ஈயத்தில் விழுந்தால் எலக்ட்ரான் கூட்டமாகச் சிதறிப் பின்பக்கம் பல அறைகளில் ஒளிரும். பயான் மாதிரி மின்னூட்டத் துகள் வந்தால் பெரும்பாலும் ஓர் அறையோடு சரி. கதை இவ்வளவு சுத்தமாக இருந்தால் நான் சீக்கிரமே ஊர் திரும்பியிருப்பேன். மையமோதலில் அறைகள் எல்லாம் நிரம்பி வழியும். பக்கத்துப் பக்கத்துக் கொத்துகள் ஒட்டிக்கொள்ளும். இது ஒரு போட்டானா, இரண்டா, போட்டானும் பயானும் சேர்ந்ததா என்று பிரிப்பதிலேயே இரவுகள் போயின. வீட்டிலிருந்து அம்மா போனில் "என்னதான்யா செய்றே?" என்பார்கள். "எண்றேன்" என்பேன். "இன்னுமா எண்ணி முடியலை?"

3 ஜூன் 2025

சரி, சும்மா படித்தால் போதாது, கையால் செய்யவேண்டும். செலவில்லாத ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. பெயர் கிளாபர் மாதிரி, அதாவது மோதலின் வடிவத்தைக் கணினியில் போட்டுப் பார்க்கும் மாடல். பைத்தான் இருந்தால் போதும். தேவகோட்டையில் கரண்ட் போனாலும் பேட்டரி தீர்வதற்குள் முடிந்துவிடும்.

208 புள்ளிகளை ஒரு கருவுக்குள் தூவுங்கள். தூவுகிற அடர்த்தி உட்ஸ்-சாக்ஸன் வடிவம்: நடுவில் சமமாக, 6.62 ஃபெர்மி பக்கம் வந்ததும் 0.55 ஃபெர்மி தடிமனில் மெல்ல மங்கும். இதேபோல் இன்னொரு கரு. அதை பக்கவாட்டில் மோதல் அளவுரு அளவுக்கு நகர்த்துங்கள். ஓடும் திசையிலுள்ள ஆயத்தொலைவைத் தூக்கி எறிந்துவிடலாம், கருதான் தகடாகிவிட்டதே. இப்போது இந்தப் பக்கத்துப் புள்ளி ஒவ்வொன்றையும் அந்தப் பக்கத்துப் புள்ளி ஒவ்வொன்றோடும் ஒப்பிடுங்கள். 43,264 ஜோடி. இரண்டுக்கும் நடுவில் 1.43 ஃபெர்மிக்குக் குறைவாக இருந்தால் மோதியதாகக் குறித்துக்கொள்ளுங்கள். 1.43 எங்கிருந்து வந்தது? இந்தப் பயிற்சிக்கு 5.02-ஐ விடக் குறைந்த ஆற்றலை எடுத்திருக்கிறேன். 2.76 டெராவில் இரண்டு புரோட்டான்கள் மோதும் குறுக்குவெட்டுப் பரப்பு 64 மில்லிபார்ன், அதாவது 6.4 சதுர ஃபெர்மி. அதைப் பையால் (π) வகுத்து வர்க்கமூலம்.

ஒரு தடவையாவது மோதிய புள்ளிகள் எத்தனை? அதுதான் பங்கேற்போர் எண்ணிக்கை. மொத்தம் எத்தனை ஜோடி மோதின? அது இன்னொரு எண். நேர்மோதலில் 416-இல் பெரும்பாலும் எல்லாம் பங்கேற்கும். விலகல் 8 ஃபெர்மி ஆனால் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

சரிபார்க்க ஒரு எண் தருகிறேன். பத்தாயிரம் மோதல் ஓட்டி மேல் 5 சதவீதத்தின் சராசரி எடுங்கள். பங்கேற்போர் 383 பக்கம், ஜோடி மோதல்கள் 1,700 பக்கம் வந்தால் உங்கள் நிரல் சரி. ஆலிஸ் கட்டுரையிலும் அதுதான் இருக்கிறது. கணினிமுன் உட்கார்ந்து அந்த எண் திரையில் வருவதைப் பார்க்கும்போது கிடைக்கும் சந்தோஷம் புத்தகத்தில் கிடைக்காது.

4 ஜூன் 2025

இரவோடு இரவாக ஓட்டிவிட்டு "எனக்கு எல்லாப் புள்ளிகளும் நடுவில் குவிகிறது" என்று படம் அனுப்பியிருக்கிறார் வாசகி. அடர்த்தியை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கினீர்களா? கோள ஓட்டின் பரப்பு ஆரத்தோடு பெருகுகிறது, அதைச் சேர்க்காவிட்டால் நடுவில்தான் குவியும். அதோடு, கோணத்தை நேராகத் தூவாதீர்கள், அதன் கொசைனைத் தூவுங்கள். விலகலையும் சமமாக எடுக்கக்கூடாது. பெரிய விலகல்கள்தான் அதிகம் நடக்கும், வளையத்தின் பரப்பு பெரிது. நேருக்கு நேர் முட்டுவது அபூர்வம். மேல் 5 சதவீதம் என்பது 3.5 ஃபெர்மிக்குள் வந்தவை மட்டும்.

11 ஜூன் 2025

இனி சுவையான இடம்.

ஓரமாக மோதும்போது படியும் பாகம் வட்டமாக இராது, வாதுமைக்கொட்டை வடிவம். உள்ளேயிருப்பது வாயுவாக, துகள்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் பறந்தால், இந்த வடிவம் வெளியே தெரியவே தெரியாது. எல்லாத் திசையிலும் சமமாகத்தான் வரும். நெருக்கியடித்துக்கொள்ளும் திரவமாக இருந்தால் கதை வேறு. கொட்டையின் ஒடுங்கிய பக்கத்தில் அழுத்தம் சட்டென்று இறங்குகிறது, அந்தப் பக்கம் துகள்கள் வேகமாகத் தள்ளப்படும். இடத்திலிருந்த கோணல் உந்தத்தில் வந்து நிற்கும். இதை நீள்வட்ட ஓட்டம் என்கிறார்கள். ஒல்லித்ரோ 1992-லேயே இப்படிப் பார்க்கலாம் என்று எழுதினார். ரிக் ஓடத் தொடங்கிய 2000-லேயே ஸ்டார் குழு பார்த்துவிட்டது. அளவு, பாகுநிலையே (ஓட்டத்தைத் தடுக்கும் பிசுபிசுப்பு) இல்லாத திரவத்துக்குப் போட்ட கணக்கை ஒட்டி இருந்தது. 2005 ஏப்ரலில் 'ஏறக்குறைய முழுமையான திரவம்' என்று அறிவித்தார்கள்.

அதுவரை எல்லாரும் எதிர்பார்த்தது வாயு. அவ்வளவு சூட்டில் குவார்க்குகள் தளர்ந்து தனித்தனியே திரியும் என்ற நம்பிக்கை. வந்ததோ திரவம். பாகுநிலையை என்ட்ரோபி அடர்த்தியால் வகுத்த எண், இழைக் கோட்பாட்டுப் பக்கமிருந்து கோவ்துன், சோன், ஸ்டாரினெட்ஸ் மூவரும் சொன்ன 'நான்கு பையில் ஒன்று' (1/4π) என்ற அடிமட்டத்துக்கு அருகில் நிற்கிறது. தண்ணீரைவிடப் பல மடங்கு தாழ்வு.

இங்கே என் கட்சியைக் கொஞ்சம் தளர்த்தவேண்டும். வடிவம் மட்டும் இருந்தால் ஒன்றும் நடக்காது. வடிவத்தை ஓட்டமாக மாற்றுவது உள்ளே இருக்கும் பொருள். ஆக வடிவத்தில் தொடங்கலாம், அதிலேயே குடியிருக்கமுடியாது. அடுத்து திரவ இயக்கவியல். சென்னை நண்பருக்கு இந்தப் பத்தியைச் சமர்ப்பிக்கிறேன்.

12 ஜூன் 2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அந்தக் கொட்டை வடிவம் உங்கள் நிரலில் எனக்குத் தெரியவில்லையே, கண்டபடி திட்டுத்திட்டாக இருக்கிறது" என்று கேட்டார். சபாஷ். இந்தக் கேள்வியைத்தான் துறையே பல வருடம் கேட்காமல் விட்டது.

கொட்டை என்பது பல்லாயிரம் மோதலின் சராசரி. ஒரு தனி மோதலை எடுத்தால் 208 புள்ளிகள் அங்கங்கே திட்டாகக் கிடக்கும். சில சமயம் முக்கோணமாகவும் கிடக்கும். இரு பக்கமும் ஒரே கரு, சமச்சீர் இருக்கிறது, அதனால் முக்கோணம் போன்ற ஒற்றைப்படை ஓட்டமெல்லாம் பூஜ்யம் என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள். தரவிலோ விசித்திரமான மேடுகள் வந்தன. அதிவேகத் துகள் திரவத்தைக் கிழித்து அதிர்ச்சிக் கூம்பு எழுப்புகிறது என்றெல்லாம் விளக்கினார்கள். 2010-இல் ஆல்வர், ரோலண்ட் இருவரும் முக்கோண ஓட்டம் என்று எடுத்துக்காட்டியதும் அந்த மேடுகளில் பெரும்பாலானவை அடங்கிவிட்டன. கிளாபர் நிரல் வைத்திருந்த ஒவ்வொருவர் கணினியிலும் அந்த முக்கோணம் அத்தனை வருடமும் கிடந்தது. சராசரி எடுத்து அழித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே தங்கச்சி, சராசரி எடுப்பதற்கு முன் சில தனி மோதல்களைப் படமாக வரைந்து பாருங்கள். நான் இந்த வயதிலும் வரைகிறேன்.

20 ஜூன் 2025

எங்கே படிப்பது, எப்படிப் போவது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இந்தப் பகுதி எனக்கு அலுப்பு, சுருக்கமாக முடிக்கிறேன். எம்.எஸ்சி.க்கு ஜாம் தேர்வு. அல்லது காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே படிக்கலாம், கெட்டுவிடாது. ஆராய்ச்சிக்கு நெட், கேட், ஜெஸ்ட். இந்தத் துறை நடக்கும் இடங்கள்: கொல்கத்தாவில் மாறுபடு ஆற்றல் சைக்ளோட்ரான் மையம், சாகா நிறுவனம்; மும்பையில் டாட்டா நிறுவனம், ஐஐடி; புவனேஸ்வரத்தில் இயற்பியல் நிறுவனம், நைசர்; ஐஐடி இந்தூர். 2017 முதல் இந்தியா செர்னின் இணை உறுப்பு நாடு.

தமிழ் வழி பற்றி: தடையே இல்லை என்று சொன்னால் பொய். முதல் ஆறேழு மாதம் கருத்தரங்கில் உட்கார்ந்தால் தலையாட்டிவிட்டு அறைக்கு வந்து அகராதி புரட்டத்தான் வேண்டியிருக்கும். கணக்குப் போடும் வேகம் இருந்தால் அதற்குள் தாக்குப்பிடிக்கலாம். பேச்சில் தயங்கிய நம் பிள்ளைகள் நிரலில் பிளந்துகட்டியதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு எதிர்மாறாக, அருமையாகப் பேசிவிட்டு ஒரு வரைபடத்தின் அச்சில் என்ன அலகு என்று சொல்லத் தெரியாதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வீட்டுச் சம்மதம் தனிப்பாடு. "பொம்பளைப் பிள்ளையைக் கொல்கத்தாவுக்கா?" என்று பெரியப்பா சொல்கிறாராம். ஐயா, உங்கள் பாட்டனார் காலத்தில் கப்பலேறி ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போய் வருடக்கணக்கில் கடை நடத்தினார்கள். கொல்கத்தாவுக்கு இப்போது ரயிலில் சாப்பாட்டுக் கூடையோடு போகலாம்.

இன்னொன்று, பேச்சு வாக்கில். காரைக்குடியில் அறிவியலா என்று கேட்பவர்களுக்கு: 1948-இல் நேரு வந்து சிக்ரிக்கு அடிக்கல் நாட்டினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம், 1953-இல் திறந்தார்கள். அதற்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். மின்முலாம் பூசுவதும் அரிமானமும் பேட்டரியும் கன அயனிக்கு நேரடி உறவில்லை. ஆனால் ஒரு ஊரில் ஆய்வகம் இருந்தால் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி என்பது ஒரு வேலை என்று தெரிகிறது. எனக்கு அது அப்படித்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காலையில் சைக்கிளில் ஆராய்ச்சிக்குப் போய்விட்டு மாலையில் கத்தரிக்காயோடு திரும்புவார்.

6 ஜூலை 2025

இந்த வாரம் எல்எச்சியில் ஆக்சிஜனை ஓடவிடுகிறார்கள். ஆக்சிஜனும் ஆக்சிஜனும், அடுத்து நியான். 16 நியூக்ளியான் மட்டுமே உள்ள சின்னக் கரு. காரணம் இருக்கிறது. 2010-இல் எல்எச்சியின் இன்னொரு சோதனையான சிஎம்எஸ் குழு புரோட்டான்-புரோட்டான் மோதலிலேயே, துகள் மிக அதிகமாக வந்த நிகழ்வுகளில், ஓட்டம் போன்ற ஒரு நீண்ட மேட்டைக் கண்டது. பிறகு புரோட்டான்-ஈயத்திலும். 2017-இல் ஆலிஸ் இன்னொன்று காட்டியது: விந்தை (ஸ்ட்ரேஞ்ச்) எனும் வகைக் குவார்க் கொண்ட துகள்கள் கூடுவது பிளாஸ்மாவின் அடையாளம் என்று 1982 முதல் நம்பி வந்தது, துகள் மிகுந்த புரோட்டான் மோதலிலும் தெரிகிறது. அவ்வளவு சின்ன இடத்தில் திரவமா? சிலர் ஆம் என்கிறார்கள், சிலர் திரவம் இல்லை, மோதும் முன்பே இருந்த ஆரம்ப நிலையின் விளையாட்டு என்கிறார்கள். நான் இன்னும் வேலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் திரவம் பக்கம் சாய்ந்து.

ஆக்சிஜன் இந்த இடைவெளியில் வந்து நிற்கிறது. நியானோடு ஒப்பிடுவதுதான் தந்திரம். நியான் கரு ஒரு பக்கம் நீண்டது என்று அணுக்கரு அமைப்புக்காரர்கள் சொல்கிறார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆகவே துகள் எண்ணிக்கை ஒத்திருக்க, நீள்வட்ட ஓட்டம் நியானில் கூடினால் அது வடிவத்தின் கைவரிசை. முதலில் கருவின் வடிவத்தை வைத்துப் பிளாஸ்மாவைப் படித்தார்கள். இப்போது பிளாஸ்மாவை வைத்துக் கருவின் வடிவத்தைப் படிக்கிறார்கள். போன நவம்பரில் ஸ்டார் குழு யுரேனியத்தின் நீண்ட வடிவத்தை இப்படித்தான் எடுத்துக் காட்டியது.

வடிவத்தில் தொடங்கு என்று நான் சொன்னது சும்மாவா!

15 ஜூலை 2025

"மோதாமல் போவது வீண்தானே" என்று ஒருவர். நேர்மாறு. எல்எச்சியில் ஈயம் நிஜமாக முட்டுகிற குறுக்குவெட்டு (அது நடக்கும் வாய்ப்பின் அளவு) சுமார் 8 பார்ன். தொடாமல் கடக்கும்போது போட்டானடி பட்டுக் கரு உடைவது 200 பார்னுக்கு மேல். தொடாமலே வெற்றிடத்திலிருந்து எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடி பிறந்து, அந்த எலக்ட்ரானைக் கரு பிடித்து ஒட்டிக்கொள்வது அதற்கும் மேல். ஓர் எலக்ட்ரான் ஒட்டினால் மின்னூட்டம் 81, காந்தம் வளைக்கும் பாதை மாறிவிடும், ஒரே இடத்தில் போய்க் குழாயில் அடிக்கும். மீக்கடத்திக் காந்தம் சூடாகிக் கடத்துந்தன்மையை இழக்கக்கூடும். ஆக ஈயக் கற்றை தேய்வதற்குப் பெரும் காரணம் முட்டாதவைதான். பொறியாளர்கள் தலைவலி முழுக்க அங்கே.

2 ஆகஸ்ட் 2025

தேவகோட்டையிலிருந்து நேற்று வந்த படம்: ஆக்சிஜனை உட்ஸ்-சாக்ஸனில் தூவி, பங்கேற்போர் பரவல் எடுத்திருக்கிறார். அச்சில் அலகோடு. நன்றாக வந்திருக்கிறது.

ஆனால் 16 புள்ளிக்கு அந்த வழுவழுப்பான வடிவம் ஒத்துவராது. ஆக்சிஜனை நான்கு ஆல்ஃபா கொத்துகள் நான்முகியின் மூலைகளில் நிற்பதாகப் பார்க்கும் வழக்கம் உண்டு. அப்படிப் போட்டுப் பாருங்கள். விளிம்பு 3 ஃபெர்மிக்குச் சற்று மேல் வைத்து, ஒவ்வொரு மூலையிலும் நான்கு புள்ளிகளைக் காசியன் (மணி வடிவப்) பரவலில் தூவி, முழு நான்முகியையும் ஒவ்வொரு மோதலுக்கும் கண்டபடி திருப்புங்கள். திருப்ப மறந்தால் எல்லா மோதலும் ஒரே திசையில் விழுந்து பொய் ஓட்டம் காட்டும். ஒட்டுமொத்த ஆரம் அளவிட்ட 2.7 ஃபெர்மிக்கு அருகில் வரும்வரை விளிம்பைக் கூட்டிக் குறையுங்கள். பிறகு முக்கோணக் கோணலை மட்டும் இரண்டு முறையிலும் கணக்கிட்டு, மேல் 5 சதவீதத்தில் ஒப்பிட்டு அனுப்புங்கள். நிரலில் தூவும் பகுதி மட்டும்தான் மாறும், மிச்சமெல்லாம் அப்படியே இருக்கட்டும்.